தரையில் அமர்ந்த போதகர்

1940-களின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்து ராமகிருஷ்ண மடத்தில் வாரம் ஒரு மாலை வாசிப்பு நடந்துவந்தது. ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம், மறுவாரம் யோவான் சுவிசேஷம் என்று முறை வைத்துப் படித்தார்கள். மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து படித்தவர் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயப் போதகர். எல்லோருக்கும் தரைதான் இருக்கை. அந்தப் போதகரின் பெயர் லெஸ்லி நியூபிகின். 1939-இலிருந்து 1946 வரை காஞ்சியில் ஊழியம் செய்தவர். பிறகு மதுரைக்கும் சென்னைக்கும் பேராயர் ஆனார். கடந்த நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலைப் படிக்க நினைக்கும் எவரும் உலகின் எந்த மூலையிலும் அவருடைய புத்தகங்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் காஞ்சியைப் பற்றிப் பேசும்போது நாம் கோயில்களைச் சொல்கிறோம், பட்டைச் சொல்கிறோம், அண்ணாவைச் சொல்கிறோம். இவரைச் சொல்வதில்லை.

அந்த இரண்டு நூல்களும் சேர்ந்து அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சுவேதாசுவதரம் உபநிடதங்களுள் தனித்து நிற்பது. பெயரில்லாப் பரம்பொருளோடு நின்றுவிடாமல் ருத்திரனை ஒரே இறைவனாக முன்னிறுத்தி, நெருங்கி அழைத்துப் பேசுவது. பக்தி என்ற சொல் அதன் கடைசி அடிகளில் வருகிறது. யோவானோ நான்கு சுவிசேஷங்களிலும் தத்துவச் சாயல் மிகுந்தவர். மாட்டுத்தொழுவத்தில் தொடங்காமல் படைப்புக்கு முன்பிருந்து தொடங்குகிறவர். இரண்டு நூல்களும் ஒன்றை நோக்கி ஒன்று பாதி வழி நடந்து வந்தவை. மீதி வழிதான் கடினம். அந்த மீதி வழியில் இருசாராரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காஞ்சிக்கு இது புதிதில்லை. மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டுத் தவம் பூண்டது கச்சி மாநகரில். காபாலிகனும் பௌத்த பிக்குவும் தெருவில் கட்டிப் புரளும் மத்தவிலாசத்தை மகேந்திர பல்லவன் எழுதியது இந்த ஊரைக் களமாக வைத்து. திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இளம் ராமானுஜர் ஓர் உபநிடதச் சொல்லுக்குக் குரு சொன்ன பொருளைத் தாங்கமாட்டாமல் கண்ணீர் விட்டு மறுத்தது இந்தக் காஞ்சி வட்டாரத்தில்தான். ஒரு வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பதற்காகக் குருவையே விட்டுப் பிரிய நேர்ந்த மண் இது. நியூபிகின் வந்து உட்கார்ந்தது அப்படிப்பட்ட தரையில்.

ராமானுஜர் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. வைணவக் குருபரம்பரை நூல்கள் அதை மறைக்காமல் சொல்கின்றன. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகளை ராமானுஜர் உணவுக்கு அழைக்கிறார். நம்பிகள் உண்டு போனபின் ராமானுஜரின் மனைவி, அவர் குலத்தைக் கருதி, வீட்டைக் கழுவி நீராடுகிறார். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நடக்க, இல்லறம் தன் வழிக்கு ஒத்துவராது என்று கண்டு அவர் துறவு பூணுகிறார். மனைவி பிறந்தகம் போகிறார். அந்தப் பெண் பின்பு எப்படி வாழ்ந்தார் என்பதைப் பற்றி நம் மரபு கவலைப்படவில்லை. இறைவனுக்கு முழுமையாகத் தன்னைக் கொடுப்பவன் வீட்டை விட்டு வெளியேறித்தான் ஆகவேண்டும் என்பது காஞ்சியின் மடங்கள் எல்லாவற்றின் ஆழத்திலும் இருக்கும் நம்பிக்கை. நியூபிகினோடு உட்கார்ந்து படித்த துறவிகளும் அந்த வழியில் வந்தவர்கள். வாசிப்பு முடிந்ததும் அவர்கள் மடத்துக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். இவர் மனைவியும் குழந்தைகளும் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்பவேண்டும்.

நியூபிகின் 1909 டிசம்பர் 8 அன்று வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிறந்தார். தந்தை கப்பல் தொழிலில் இருந்தவர். பையன் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் படித்தான். கேம்பிரிட்ஜ் சேரும்போது கடவுள் நம்பிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. 1929-இல் வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்குக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஆண்கள் வேலையில்லாமல் கிடந்த இடம். குவேக்கர்கள் நடத்திய சேவை மையத்தில் அவர்களோடு பொழுதைக் கழிப்பது இவர் பணி. ஓர் இரவு தொழிலாளர்கள் குடித்துவிட்டுத் திரும்பி ஒருவரோடொருவர் மோதிக்கொண்டபின், தன்னால் இவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்ற தோல்வியோடு படுத்தார். அப்போதுதான் வானத்துக்கும் பூமிக்குமாக நிற்கும் ஒரு சிலுவையை அகக்கண்ணில் கண்டார். எந்த அழுக்கும் எந்தத் தோல்வியும் அதன் கைகளுக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்று உணர்ந்தார். நான் இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இவருடைய நம்பிக்கை நூலகத்தில் வந்ததன்று. வேலை பறிபோன மனிதர்கள் நடுவில், கையாலாகாத ஓர் இரவில் வந்தது. அதனால்தான் பின்னாளில் எந்தத் தத்துவமும் அதை அசைக்கவில்லை.

மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வேலை செய்ய கிளாஸ்கோவுக்குப் போன இடத்தில் ஹெலன் ஹெண்டர்சனைச் சந்தித்தார். ஹெலன் இந்தியாவில் ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனெரிகளின் மகள். மிஷனெரி வாழ்க்கை என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 1936-இல் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன: ஜூலையில் லெஸ்லிக்கு எடின்பரோவில் குருப்பட்டம், ஆகஸ்டில் திருமணம், செப்டம்பரில் சென்னைக்குக் கப்பல். முதலில் செங்கல்பட்டில் தமிழ் படித்தார்கள். சில மாதங்களில் ஒரு பேருந்து விபத்தில் லெஸ்லியின் கால் முறிந்தது. அறுவைமேல் அறுவை நடந்தும் கூடாமல், காலையே எடுக்கவேண்டி வரலாம் என்ற நிலையில் ஊர் திரும்பினார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் எடின்பரோவில் அலுவலக வேலை. 1939-இல் மீண்டும் புறப்பட்டு வந்து காஞ்சியில் இறங்கினார்கள். வாரந்தோறும் மடத்துத் தரையில் அமர்ந்தவர் அந்தக் காலோடு அமர்ந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த மாலைகளின் விலை புரியும்.

பட்டு நெய்யும் ஊரில் குடும்பத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் தொழிலுக்கு ஓர் அறை, குடும்பத்துக்கு ஓர் அறை என்ற பிரிவு கிடையாது. குழித்தறியில் கணவன் உட்கார்ந்தால் மனைவி இழை சுற்றுவாள். கோர்வைச் சேலை என்றால் கரைக்கான நாடாவை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். தெருக்காரர்கள் சேலையைக் கணவன் பெயரில் சொல்வார்கள். அது வீடு முழுவதும் சேர்ந்து நெய்தது. போதகர் வீடும் அப்படித்தான். தமிழ்ச் சபைகளில் போதகர் ஐயர் என்றால் மனைவி ஐயரம்மா. சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கும். வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் போய்ப் பேசவேண்டியவர் ஐயரம்மா. நடுராத்திரியில் மரணச் செய்தியோடு வருபவரும், குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைப் பற்றி முறையிட வருபவளும், பள்ளிக் கட்டணத்துக்கு நிற்கும் பையனும் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. படிப்புக்காக மலைப்பள்ளிகளுக்கும் கடல் கடந்தும் பெற்றோரைப் பிரிந்து போகவேண்டும். நியூபிகின் தம்பதிக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். துறவி ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். இல்லறத்தில் இருந்துகொண்டே ஊழியம் செய்பவர் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கவேண்டும்; விடும்போது தன்னோடு பிறரையும் இழக்கவைக்கவேண்டும். இதில் எது கடினம் என்று அளந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. முதலாவதைக் கொண்டாடிய அளவுக்கு இரண்டாவதை நாம் கவனிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

காஞ்சியில் இவர்களுக்கு முன்பே ஸ்காட்லாந்து மிஷன் வேரூன்றியிருந்தது. 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் கிளைப் பள்ளிகளில் ஒன்று இந்த ஊருக்கு வந்தது. 1921-இல் மெக்லீன் என்பவர் கட்டிய கிறிஸ்து ஆலயம், செங்கல் வளைவுகளும் தூண்களுமாக, கோபுரங்களின் ஊரில் வேறொரு நிழலோடு இன்றும் நிற்கிறது. ஆனால் மிஷனின் உயிர் நகரத்துக்குள் இல்லை. அது சுற்றியிருந்த கிராமங்களின் சேரிகளில் இருந்தது. அப்போது காஞ்சி செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கியது. இந்த மாவட்டத்துப் பறையர் மக்கள் வீட்டுமனைக்குக்கூட உரிமையற்றுக் கிடந்த நிலையைக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இன் அரசாணை, பின்னர் பஞ்சமி நிலம் என்று நாம் அறியும் ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. ஆடம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து மிஷனெரிகள் அந்த மக்களுக்காக வாதாடினார்கள்; மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை உண்டாக்கினார்கள். நியூபிகின் சைக்கிளிலோ பேருந்திலோ நடந்தோ போய்ச் சேர்ந்த சபைகள் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை. கூரைக் கொட்டகையில், பகல் முழுக்க வயலில் நின்றவர்கள் இரவில் கூடிய சபைகள்.

இங்கேதான் அவருடைய நேர்மை முதலில் தெரிகிறது. வந்த புதிதிலேயே அவர் தன் சக மிஷனெரிகளைப் பார்த்து அதிர்ந்துபோய்க் குறிப்பு எழுதியிருக்கிறார். நடந்து வருபவர்கள்மேல் சேற்றை வாரி இறைத்தபடி பிரபுக்களைப்போலக் காரில் போய் இறங்குகிறோம், சபையை மேற்பார்வை செய்வதுபோல் விசாரிக்கிறோம், இதற்கும் புதிய ஏற்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற வேதனை அந்தக் குறிப்பில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழுகூட ஆகவில்லை. வெள்ளைக்கார ஆட்சி நடந்த காலத்தில், அதன் நிழலில் வாழ்ந்துகொண்டே, தன் கூட்டத்தின் முகத்தை இப்படிப் பார்க்கத் துணிவு வேண்டும். பின்னாளில் பேராயராக இருந்து அவர் விடாமல் வலியுறுத்தியதும் இதன் தொடர்ச்சிதான்: கிராமச் சபையை ஊர்க்காரரே நடத்தவேண்டும், கூலி வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் தன் சபைக்கு மேய்ப்பராக இருக்க முடியும், மிஷன் பங்களாவிலிருந்து சம்பளம் போய்ச் சேர்ந்தால்தான் சபை நிற்கும் என்ற நிலை மாறவேண்டும்.

நியூபிகின் காஞ்சியில் இருந்த ஆண்டுகளில் அதே ஊரில் இன்னொரு மனிதரும் இருந்தார். நியூபிகினுக்கு மூன்று மாதம் மூத்தவர். 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சியில் பிறந்தவர். 1942-இல் அந்த ஊரிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். மடத்தில் உபநிடதமும் சுவிசேஷமும் வாசிக்கப்பட்ட காலத்தில் இன்னொரு தெருவில் அண்ணாதுரை மதத்தையும் சாதியையும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சிறிய ஊர் இவ்வளவையும் ஒரே சமயத்தில் தாங்கியிருக்கிறது. நாற்பதுகளின் காஞ்சியை யாராவது நாவலாக எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மடத்துக் கூடத்தில் உலகின் சமய ஆசான்களின் படங்கள் மாட்டப்பட்டிருந்தன. அவற்றுள் இயேசுவின் படமும் ஒன்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் அந்தப் படத்துக்கு முன்னால் வழிபாடு நடக்கும். நம்மில் பலர் இதைக் கேட்டால் நெகிழ்ந்துபோவோம். எவ்வளவு பெரிய மனம் என்போம். நியூபிகின் நெகிழவில்லை. இயேசுவை இந்து மனம் தன் பழைய வீட்டுக்குள் ஒரு மாடத்தில் வைத்துக்கொண்டது. வீடு அப்படியே இருக்கிறது, ஒன்றும் மாறவில்லை என்றே நினைத்தார். இந்த இடத்தில் வேறொருவர் நின்றிருப்பார். நியூபிகின் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு இன்னொன்று உறைத்தது: ஐரோப்பாவும் இதையேதான் செய்திருக்கிறது. பகுத்தறிவு, முன்னேற்றம், மதம் என்பது அவரவர் சொந்த விஷயம் என்ற நம்பிக்கைகளால் கட்டிய தன் வீட்டில் அதுவும் இயேசுவுக்கு ஒரு மாடம் ஒதுக்கித் தந்திருக்கிறது. தான் கப்பலேற்றிக் கொண்டுவந்த கிறிஸ்தவத்திலும் அந்தக் கலப்பு இருக்கிறது. காஞ்சித் துறவிகளிடம் கண்ட குறையைத் தன்னிடமே கண்ட அந்தக் கணத்திலிருந்துதான் அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதும் பிறந்தது என்று நான் நம்புகிறேன். பன்மைச் சமூகத்தில் சுவிசேஷத்தின் இடம் பற்றி அவர் எழுதி உலகப்புகழ் பெற்ற நூல் 1989-இல் வந்தது. காஞ்சி மடத்துக் கூடமும் அந்தப் படமும் அந்த நூலில் இருக்கின்றன. ஏறக்குறைய எண்பது வயதுக்காரர் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தன் ஆசிரியர்களை மறக்கவில்லை.

அவருடைய முடிவு எனக்கு உடன்பாடில்லை. எல்லா நதியும் கடலுக்கு என்ற வாசகத்தில் வளர்ந்தவன் நான். ஆனாலும் இதைச் சொல்லியாகவேண்டும். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, எதையும் படிக்காமல் எழுந்து போவது நம்மிடம் சமய நல்லிணக்கம் என்று பேர் வாங்கியிருக்கிறது. நியூபிகின் எல்லாம் ஒன்றல்ல என்று சொன்னார்; சொல்லிவிட்டு வாரம் தவறாமல் போய் மற்றவருடைய நூலை வரிவரியாகப் படித்தார். இவற்றுள் எது மரியாதை? மாற்றுக் கருத்துக்காரரின் நூலை அவர் வாயாலேயே கேட்டுப் படிக்கிறவர்தான் அவரை மதிக்கிறார். மடத்தாரும் அதே அளவு மதிப்போடு இருந்திருக்கிறார்கள். மதம் மாற்ற வந்தவர் என்று தெரிந்தும் கூடத்தில் இடம் கொடுத்து, யோவானைக் கேட்டிருக்கிறார்கள். இன்று இரு பக்கத்திலும் இது நடக்குமா என்று நினைத்தால் துக்கமாக இருக்கிறது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சுதந்திரம் வந்து ஆறு வாரம்; நாடு இரண்டாகப் பிளந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அந்த இணைப்புக்காக நடந்த பேச்சுகளில் நியூபிகினுக்குப் பெரும் பங்கு உண்டு. பேராயர்களே இல்லாத மரபிலிருந்து வந்த அவர் முப்பத்தேழு வயதில் மதுரை - ராமநாதபுரம் பேராயர் ஆனார். அங்கே கிராமம் கிராமமாகச் சுற்றிய கதை 1951-இல் வெளியான அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. பின்பு சில ஆண்டுகள் லண்டன், ஜெனீவா. 1965-இல் சென்னைப் பேராயராகத் திரும்பினார்; அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இவர் அதே நகரத்தில் இருந்தார்.

கிராமத்தார் தந்த பாடம் ஒன்றை அவர் பலமுறை சொல்வார். ஓர் ஊருக்குப் பேராயர் வருகிறார். ஊருக்குள் நுழைய இரண்டு வழி. இந்த வழியாகத்தான் வருவார் என்று முடிவுகட்டி மேளம், மாலை, வாணவேடிக்கை, சிலம்பாட்டத்தோடு சபையார் ஒரு முனையில் நிற்க, அவர் மறுமுனையில் வந்து இறங்கிவிட்டார். மொத்தக் கூட்டமும் அப்படியே திரும்பி ஓடி வந்தது. மனந்திரும்புதல் என்றால் இதுதான் என்று அவர் பிரசங்கம் செய்தார்: அழுது வருந்துவது பிறகு, முதலில் முகத்தைத் திருப்பவேண்டும், ஏனெனில் நீ பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் அவர் வரவில்லை. தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பின்னாளில் மகாபாரத ஆய்வாளருமான சதுர்வேதி பத்ரிநாத் சொன்ன ஒன்றையும் இதே போலத்தான் ஏற்றுக்கொண்டார். பைபிளை இன்னொரு மதநூலாக எங்களிடம் ஏன் கொண்டுவருகிறீர்கள், அவை எங்களிடம் ஏராளமாக உண்டு. அது உலக வரலாற்றுக்கே பொருள் சொல்ல முயலும் தனிவகை நூல் அல்லவா என்று கேட்டார் பத்ரிநாத். தன் வேதத்தை எப்படி வாசிக்கவேண்டும் என்று ஓர் இந்து நண்பர் தனக்குக் கற்றுக்கொடுத்ததாக நியூபிகின் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1974-இல் ஓய்வு. ஹெலனும் அவரும் இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாக உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாகத் தரைமார்க்கமாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஞாயிறு ஆராதனைக்கு யாராவது கிறிஸ்தவர்கள் துணை கிடைத்தார்கள். கிறிஸ்தவத்தின் பழைய தாயகங்களில் ஒன்றான கப்படோக்கியாவில் மட்டும் ஒருவரும் இல்லை. அன்று கணவனும் மனைவியுமே சபை. முப்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தை இதைவிடச் சரியாகச் சொல்லும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

எழுபது வயதில் பர்மிங்காமில், சிறைச்சாலைக்கு எதிரே மூடிவிடலாம் என்று முடிவெடுக்கவிருந்த வின்சன் கிரீன் தேவாலயத்துக்குச் சாதாரணப் போதகராகப் போனார். வீடு வீடாகக் கதவு தட்டினார். ஆசியக் குடும்பங்கள் உள்ளே அழைத்து உட்காரவைத்தன. ஆங்கிலேயர் பலர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். இந்தியாவில் பார்த்த எதையும்விட அந்த அலட்சியம் கடினமானது என்று எழுதினார். 1998 ஜனவரி 30 அன்று இறந்தார்.

அவர் தரப்புக் கதை அவருடைய தன்வரலாற்றிலும் பிற நூல்களிலும் பத்திரமாக இருக்கிறது. அவர் பிரசங்கத்தைக் கேட்டவர்களின் கதை காஞ்சியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில், அவர்கள் வீடுகளில் இருக்கிறது. அவரும் ஐயரம்மாவும் எப்படிப்பட்டவர்கள், அவருடைய தமிழ் எப்படி இருந்தது, அவர் எங்கே தவறினார், சாதிக்காரர்களோடு தகராறு வந்தபோது யார் பக்கம் நின்றார் என்பதையெல்லாம் அந்த மக்கள்தான் சொல்லவேண்டும். அந்த ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். பெற்றோர் சொல்லக் கேட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்களே கடைசி. காஞ்சிப் பகுதியில் இருக்கும் ஆசிரியர்களே, கல்லூரி மாணவர்களே, சபைப் பொறுப்பில் இருப்பவர்களே, ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்காருங்கள். ஆலய அலமாரிகளில் கிடக்கும் பழைய பதிவேடுகளைக் கரையான் அரிப்பதற்குள் படமெடுத்து வையுங்கள். இந்த வருஷமே தொடங்குங்கள்.